உடைந்த கிண்ணமும் ஒளிந்த நிலாவும்: ஜப்பானிய அழகுணர்வு பற்றி வாசகர் கேள்விகள்

ஜப்பானிய அழகியல் பற்றிக் கேட்டு எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரே சொல்லைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: ‘வாபி-சாபி’ என்றால் குறையிலும் அழகைக் காண்பது என்கிறார்கள். அவ்வளவுதானா?

அது இரண்டு சொல். பிறந்த வீடும் வேறு வேறு. சேர்த்து ஒரே பெயராகச் சொல்வது பிற்காலப் பழக்கம்.

‘வாபி’ என்பதன் வேர்ச்சொல்லுக்கு நொந்துபோதல், நொடித்துப்போதல் என்று பொருள். பழைய பாடல்களில் அது யாரும் விரும்பி ஏற்காத நிலை. கைவிடப்பட்டவர்கள் தங்களைப் பற்றிப் புலம்பும் சொல். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தேநீர் விருந்துக்காரர்கள் அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். இல்லாமையை ஒருவன் விரும்பியே தேர்ந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தார்கள். முராத்தா ஜுகோ (1423–1502) தொடங்கிவைத்தார், தகெனோ ஜோஓ (1502–1555) வளர்த்தார், சென் நோ ரிக்யூ (1522–1591) முடிந்த வடிவம் கொடுத்தார்.

‘சாபி’ கவிஞர்கள் புழங்கிய சொல். வெறிச்சோடுதல், பழசாதல் என்ற பொருள்களிலிருந்து வந்தது. இரும்பில் ஏறும் துருவுக்கும் ஜப்பானியத்தில் அதே ஒலிதான். எழுத்து மட்டும் வேறு. ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் (1644–1694) சீடர் க்யொராய் இதை அழகாக விளக்கியிருக்கிறார். சாபி என்பது பாட்டின் நிறம். தனிமையான காட்சியைப் பாடினால்தான் வரும் என்றில்லை. ஒரு கிழவர் கவசம் பூட்டிப் போருக்குப் போகட்டும், பட்டு உடுத்தி விருந்துக்கு வரட்டும், அவர் முதுமை அங்கேயும் தெரியத்தானே செய்யும்? அந்தத் தெரிதல்தான் சாபி. க்யொராயின் பாட்டு ஒன்றில், பூத்த செர்ரி மரங்களுக்குக் காவல் இருக்கும் இரண்டு கிழவர்கள் நரைத்த தலைகளை ஒட்டிவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேலே வெள்ளைப் பூ, கீழே வெள்ளைத் தலை. பாட்டு அவ்வளவுதான். இதில் சாபி நன்றாக வந்திருக்கிறது என்று பாஷோ பாராட்டினார்.

குறை, விரிசல், கறை என்பதெல்லாம் இந்த இரண்டு சொல்லுக்கும் ஓரத்தில் வந்து சேர்ந்தவை.

கேள்வி: கோணல்மாணலாகச் செய்த கிண்ணங்களை ‘வாபி-சாபி’ என்று போட்டு விற்கிறார்களே, நம்பலாமா?

விற்பவரை விடுங்கள், கிண்ணத்தைக் கேளுங்கள். இந்தச் சந்தேகம் 500 ஆண்டு பழசு. ஜுகோ தன் சீடருக்கு எழுதிய கடிதத்தில், கற்றுக்குட்டிகள் பிஸென், ஷிகராகி ஊர்களின் கரடுமுரடான மண்பாண்டங்களைத் தூக்கிக்கொண்டு ‘குளிர்ந்து வாடிய அழகு’ என்று பேசுவதைக் கடிந்திருக்கிறார். நல்ல பாத்திரங்களைப் பார்த்துப் பழகி, கை முதிர்ந்த பிறகு வர வேண்டிய வாட்டம் அது என்பது அவர் கருத்து.

ரிக்யூவுக்காகக் குயவர் சோஜிரோ செய்த ராகு கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் எளிமையான கருப்புக் கிண்ணம். சக்கரத்தில் சுற்றாமல் கையாலேயே எழுப்பி, அரைகுறையாகக் காய்ந்ததும் கத்தியால் உள்ளும் புறமும் செதுக்கியது. மேற்பூச்சு உருகி நிற்கும்போதே சூளையிலிருந்து இடுக்கியால் வெளியே இழுத்துவிடுவார்கள். சட்டென்று குளிர்வதால்தான் அந்தக் கருப்பு. இடுக்கி பிடித்த தழும்பு சில கிண்ணங்களில் இன்றும் இருக்கிறது. மண் முழுக்க இறுகாமல் நுண்ணிய துளைகளோடு இருப்பதால் சூடு மெதுவாகத்தான் கைக்கு ஏறும். கைப்பிடி இல்லாத கிண்ணத்தை இரு உள்ளங்கையிலும் ஏந்திக் குடிக்க இது அவசியம். உள்ளே அடியில் ஒரு சிறு குழிவு: கடைசித் துளி தேநீர் வந்து தேங்குவதற்கு. மூங்கில் கடைக்கோல் தடையில்லாமல் சுழலும் அகலம். உதடு படும் விளிம்பு ஒரே மட்டமாக இருக்காது, ஆனால் எந்த இடத்திலும் உறுத்தாது.

இப்போது உங்கள் கையிலிருப்பதைச் சோதியுங்கள். கடைக்கோல் சுழலுமா? விளிம்பு உதட்டைக் கீறுகிறதா? வெந்நீர் ஊற்றிய பிறகு பிடிக்க முடிகிறதா? இதில் தவறினால், அது வெறும் கோணல் கிண்ணம்.

கேள்வி: தேநீர் அறை ஏன் அவ்வளவு சிறிதாக இருக்கிறது? மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டுமாமே?

கியோத்தோவுக்கு அருகே யாமஸாகியில் மியோகி-ஆன் கோயிலில் இருக்கும் ‘தாய்-ஆன்’, ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் அறைகளில் எஞ்சியிருப்பது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். உட்காரும் இடம் இரண்டே தாத்தாமி பாய். சுமார் மூன்றரைச் சதுர மீட்டர். விருந்து தருபவருக்கும் விருந்தாளிக்கும் இடையே ஒரு கை நீட்டும் தூரம். அந்த நெருக்கத்தில் கெட்டில் கொதிக்கும் ஓசை மாறுவதும், பட்டுத்துணி மடிக்கும் சலசலப்பும் கேட்கும். பெரிய கூடத்தில் அவை காணாமல் போய்விடும்.

நுழைவாயில் பொதுவாக 66 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம் இருக்கும். இடுப்பில் வாளோடு அதற்குள் புக முடியாது. வெளியே கொக்கித் தட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பிரபுவும் வணிகரும் ஒரே மாதிரி குனிந்தார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று தாய்-ஆன் அறையின் பூமாடம். அதன் உள்மூலைகளையும் மேற்பகுதியையும் மண்சாந்தால் உருட்டிப் பூசி, மூலைக்கோடே தெரியாமல் செய்திருக்கிறார்கள். மூலைக்கோடு இருந்தால்தான் கண் ஆழத்தை அளக்கும். கோடு இல்லாததால், மங்கிய ஒளியில் அந்தச் சிறு மாடம் எங்கே முடிகிறது என்று பிடிபடாது. இரண்டு பாய் அறைக்குள் அளவற்ற இடம் ஒன்றை வைத்துவிட்டார்கள்.

இதே ரிக்யூ பணிசெய்த, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி, தங்கத்தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றும் வைத்திருந்தார். பிரித்து எடுத்துச்சென்று வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். 1591இல் ரிக்யூ வயிற்றைக் கிழித்து உயிர்விட நேர்ந்தது அவர் கட்டளையால்தான். இரண்டு அறையும் ஒரே காலத்தவை என்பதை மறந்துவிட்டு, ‘ஜப்பானியர் எளிமை விரும்பிகள்’ என்று பேசுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: ‘மோனோ நோ அவாரே’ என்பதும் நம் நிலையாமையும் ஒன்றுதானே?

கிளம்பும் இடம் ஒன்று, போய்ச்சேரும் இடம் வேறு. திருக்குறளில் நிலையாமை அதிகாரம் எங்கே இருக்கிறது பாருங்கள்: துறவறவியலில், துறவு என்ற அதிகாரத்துக்குச் சற்று முன்னால். நேற்று இருந்தவன் இன்று இல்லை, ஆகவே பற்றை விடு என்ற வரிசை. பௌத்தத்தின் அநித்தியமும், ஜப்பானியத்தில் ‘முஜோ’, அதே வழியில்தான் போகிறது.

‘அவாரே’ விடச் சொல்வதில்லை. அது முதலில் ‘ஆ!’ என்பது போன்ற ஒரு வியப்பொலி. பிறகு நெகிழ்ச்சி, பரிவு, துயரம் என்று நிறம் மாறியது. ‘மோனோ’ என்றால் பொருள்கள். பொருள்கள் நம்மைத் தொட்டு ‘ஆ’ என்று சொல்லவைக்கும் தன்மை என்று விரிக்கலாம். மத்ஸுஸாகாவில் மருத்துவராக இருந்த அறிஞர் மோத்தோஓரி நோரினாகா (1730–1801) இதை ஒரு கோட்பாடாகவே நிறுத்தினார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதிய கெஞ்சியின் கதையை அதுவரை பலரும் நீதிநூலாகவோ பௌத்த எச்சரிக்கையாகவோ படித்துவந்தார்கள். தகாத காதல் செய்தவன் கதை எப்படி நீதி சொல்லும் என்ற திண்டாட்டம் இருந்தது. நோரினாகா அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார்: கதையில் நல்லவர் என்பவர் அவாரே அறிந்தவர், தொட வேண்டிய நேரத்தில் தொடப்படாதவர்தான் கெட்டவர். நெகிழ்வதை அறிவின் ஒரு வகையாக அவர் கருதினார்.

தமிழில் அதற்கு அருகே வரும் சொல் கேட்டால், நெய்தலின் உரிப்பொருளான ‘இரங்கல்’ என்போம். முழுக்கப் பொருந்தாது. அவாரே மகிழ்ச்சியிலும் வரும்.

கேள்வி: செர்ரிப் பூ ஏன் நிலையாமைக்கு அடையாளமானது? எல்லாப் பூவும் உதிரத்தானே செய்கிறது?

உதிரத்தான் செய்கிறது, ஆனால் இப்படி ஒன்றாக அல்ல. இன்று நகரங்களில் நீங்கள் படத்தில் பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை ‘ஸொமெய் யொஷினோ’ என்ற ஒரே வகை. ‘எதோ’ எனப்படும் காலத்தின் (1603–1868) இறுதியில், இன்றைய தோக்கியோவுக்குள் அடங்கிய ஸொமெய் என்ற ஊரின் நாற்றங்கால்காரர்கள் பரப்பியது. விதையால் அதே மரம் வராது. ஒட்டுக்கட்டித்தான் பெருக்க வேண்டும். அதனால் எல்லா மரமும் மரபில் ஒரே மரத்தின் நகல். ஒரே இடத்தில் ஒரே வெப்பம் பட்டால் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டும். இலை வருவதற்கு முன் பூ வருவதால் மரம் முழுக்க வெள்ளையாகத் தெரியும்.

மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. குளிர்காலக் குளிர் அதன் உறக்கத்தைக் கலைக்க வேண்டும், பிறகு வெயில் எழுப்ப வேண்டும். குளிர் போதாமல் போனால், வசந்தம் சூடாக இருந்தாலும் பூப்பு தாமதமாகும், சீராகவும் வராது. வானிலை நிலையத்தார் ஊருக்கு ஒரு மாதிரி மரம் வைத்திருக்கிறார்கள். தோக்கியோவுக்கு அது யாசுகுனி ஆலய வளாகத்தில். அதில் ஐந்தாறு பூ மலர்ந்தால் ‘பூத்தது’ என்று அறிவிப்பார்கள். 80 சதவீதம் மலர்ந்தால் முழுமலர்ச்சி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வாரம். அதன்பின் ஒரு நல்ல மழையோ காற்றோ போதும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லோரும் முழுமலர்ச்சி நாளைக் குறிவைத்துப் பயணச்சீட்டு எடுக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் பிந்திப் போய்ப் பாருங்கள். காற்றில் இதழ்கள் பறப்பதற்கு ‘ஹனா-ஃபுபுகி’, பூப் பனிப்புயல் என்று பெயர். கால்வாயில் விழுந்து ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக மிதப்பது ‘ஹனா-இகாதா’, பூத்தெப்பம். பச்சை இலை எட்டிப்பார்க்கும் மரம் ‘ஹ-ஸகுரா’. பெயர் வைத்துக் காத்திருக்கும் காட்சிகள் இவை.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். எட்டாம் நூற்றாண்டுத் தொகுப்பான மன்யோஷூவில் செர்ரியைவிட, சீனாவிலிருந்து வந்த உமே (பிளம் வகை) பூவைப் பற்றிய பாடல்களே அதிகம். செர்ரி முந்தியது அதற்குப் பிறகுதான். ‘ஆதிகாலம் தொட்டு’ என்று யாராவது ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

கேள்வி: மேகம் மூடிய நிலாவைப் பார்க்க விழா எடுப்பார்கள் என்று படித்தேன். உண்மையா?

பழைய நாட்காட்டியில் எட்டாம் மாதம் 15ஆம் இரவு நிலா பார்க்கும் இரவு. அன்று மேகம் மூடிவிட்டால் அதற்கும் ஒரு பெயர் உண்டு: ‘முகெத்ஸு’, நிலா இல்லா நிலா. மழை பெய்தால் ‘உகெத்ஸு’, மழை நிலா. இரண்டும் ஹைக்கூவில் பருவச்சொற்கள். மேகத்துக்குப் பின்னால் எங்கோ வெளிச்சம் கசியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டு எழுதுவார்கள்.

அடுத்த இரவுகளின் பெயர்கள் இன்னும் அருமை. 16ஆம் இரவு ‘இஸயோய்’, தயங்கும் நிலா. 17 ‘தாச்சிமாச்சி’, நின்று காத்திருக்கும் நிலா. 18 ‘இமாச்சி’, உட்கார்ந்து காத்திருக்கும் நிலா. 19 ‘நெமாச்சி’, படுத்துக் காத்திருக்கும் நிலா. நிலா எழும் நேரம் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது; இலையுதிர்காலத்தில் ஜப்பான் இருக்கும் அட்சரேகையில் அரைமணி அளவுதான். முதல் நாள் வாசலில் நின்றே பார்த்துவிடலாம், மூன்றாம் நாள் கால் வலிக்கும், நான்காம் நாள் பாயைப் போட்டுவிடலாம். வானியலைக் காத்திருப்பவரின் முதுகெலும்பால் அளந்த கணக்கு இது.

ஒன்பதாம் மாதம் 13ஆம் இரவுக்கும் விழா உண்டு. முழுதாக இரண்டு நாள் குறைவான நிலா, ஓரம் சற்றுச் சப்பையாக இருக்கும். 15ஐப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விடுவது ஆகாது என்பார்கள். பூவை முழுமலர்ச்சியிலும் நிலாவைத் தெளிவானத்திலும் மட்டும்தான் பார்ப்பதா என்று 14ஆம் நூற்றாண்டிலேயே யொஷிதா கென்கோ என்ற துறவி கேட்டுவைத்திருக்கிறார்.

கேள்வி: ‘யூகென்’ என்பதற்கு மர்மம் என்று மொழிபெயர்க்கிறார்கள். நோ நாடகத்தில் அதை எப்படிக் காட்டுகிறார்கள்?

மர்மம் என்றதும் துப்பறியத் தோன்றும். யூகெனில் துப்பறிய ஒன்றுமில்லை. இரண்டு எழுத்துகள்: ஒன்றுக்கு மங்கல், மற்றதற்கு ஆழ்ந்த கருமை. சீன நூல்கள் வழியாக வந்த சொல். கவிஞர் ஃபுஜிவாரா நோ ஷுன்ஸெய் (1114–1204) காலத்தில் அது கவிதைக்கு அளவுகோலானது. கமோ நோ சோமெய் அதற்குத் தரும் உதாரணங்கள் எளிமையானவை: நிறமும் ஓசையும் இல்லாத இலையுதிர்கால மாலை, காரணம் தெரியாமல் கண் கலங்குகிறது. பனிமூட்டத்தினூடே தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மலை. முழுதாகத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று மனம் நிரப்பிக்கொள்கிறது. சொல்லில் வராமல் குறிப்பில் நிற்பதை நம் இலக்கணத்தார் ‘இறைச்சி’ என்றார்கள். அதைப் படித்தவர்களுக்கு யூகென் அந்நியமாக இருக்காது.

நாடகத்துக்கு அதைக் கொண்டுவந்த ஸெயாமி (சுமார் 1363–1443) பொருளை மாற்றிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு யூகென் என்றால் முதலில் நளினம். அரசவைப் பெண்ணின் நடையிலும் பேச்சிலும் இருக்கும் மென்மை. அரக்கன் வேடத்திலும் அது வேண்டும், பாறையில் பூ மலர்ந்ததுபோல் என்கிறார்.

எப்படிக் காட்டுகிறார்கள்? மேடை சுமார் 6 மீட்டர் சதுரம். பின்சுவரில் ஒரு பைன் மரம் வரைந்திருக்கும், வேறு காட்சியமைப்பு கிடையாது. நடிகர் பாதத்தைத் தூக்காமல் தேய்த்தே நடப்பார். முகமூடி ஹினோகி மரத்தில் செதுக்கி, கிளிஞ்சல் மாவைப் பசையில் குழைத்துப் பூசியது; உயரம் ஏறத்தாழ 21 செ.மீ. மனித முகத்தைவிடச் சிறியது, நடிகரின் தாடை வெளியே தெரியும். அதை மறைக்க யாரும் முயல்வதில்லை. கண்துளை ஊசிவழிப் பார்ப்பதுபோல் இருப்பதால் மேடையின் முன்மூலைத் தூணைக் குறியாக வைத்துத்தான் அவர் தன் இடத்தை அறிகிறார். அந்தத் தூண் பார்வையாளருக்கு இடைஞ்சல்தான். எடுத்துவிட்டால் நடிகர் மேடையிலிருந்து விழுந்துவிடுவார்.

முகமூடி அசையாது. ஆனால் இமை, கன்னம், உதட்டோரம் ஆகியவற்றின் வளைவுகளைச் செதுக்கும்போதே ஒளிக்கு ஏற்பச் செதுக்கியிருப்பார்கள். சற்று நிமிர்த்தினால் ‘தெராஸு’, ஒளியூட்டல்: நிழல் விலகி முகம் மலர்ந்ததுபோல் தெரியும். சற்றுக் கவிழ்த்தால் ‘குமொராஸு’, மேகமூட்டல்: இமைக்குக் கீழே நிழல் விழுந்து அழுவதுபோல் ஆகிவிடும். அளவு மீறினால் பொம்மைத் தலையாட்டலாகத் தெரியும். புதியவர்கள் செய்யும் தவறு இதுதான். அழுகைக்கான அபிநயத்திலும் விரல் சேர்த்த கை கண்ணுக்கு முன் உயரும், முகத்தைத் தொடாது. மனத்தைப் பத்துக்குப் பத்து அசை, உடலை ஏழுக்கு அசை என்பது ஸெயாமியின் கணக்கு. மிச்ச மூன்றைப் பார்ப்பவர் போட வேண்டும்.

கேள்வி: உடைந்த குவளையை ஐந்து நிமிடப் பசையால் ஒட்டி, மேலே தங்கப் பெயின்ட் அடித்தேன். நாலாம் நாள் சூடான தேநீர் ஊற்றியதும் கைப்பிடியோடு கழன்றுவிட்டது. கின்ட்சுகி இவ்வளவுதானா?

கின்ட்சுகி என்பது உடைந்த பாத்திரத்தை ஒட்டி, ஒட்டுக்கோட்டைத் தங்கத்தால் காட்டும் கலை. நீங்கள் செய்தது கின்ட்சுகியின் படம். அந்தப் பசை சூட்டில் இளகும். பெயின்டும் உணவு படும் இடத்துக்கு ஆகாது. அலமாரியில் வைக்க மட்டும் போதும்.

கின்ட்சுகியில் ஒட்டுவது தங்கம் அல்ல, ‘உருஷி’ மரத்தின் பால். தங்கம் கடைசி நாளின் தூவல். முதலில் ஓர் எச்சரிக்கை: பச்சை உருஷி தோலில் பட்டால் கடுமையான அரிப்பும் கொப்புளமும் வரும். மா, முந்திரி எல்லாம் இதே குடும்பம். மாம்பழத் தோல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கையுறை, முழுக்கை சட்டை கட்டாயம். பட்டுவிட்டால் சமையல் எண்ணெயால் துடைத்து எடுத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். முழுதாக இறுகிய பின் தொந்தரவு இருக்காது.

உடைந்த துண்டுகளைக் கழுவி நன்றாகக் காயவைத்து, உடைப்பு விளிம்பை வைர அரத்தால் இழையளவு மழுக்குங்கள். உருஷிக்குப் பிடிமானம் கிடைக்கும். பசை ‘முகி-உருஷி’: கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுக் காதுமடல் பதத்துக்குப் பிசைந்து, ஏறத்தாழ அதே அளவு பச்சை உருஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தேய்த்தால், தூக்கும்போது நூல் இழுக்கும். இரு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, அரைமணி விட்டு, பிசுபிசுப்பு ஏறியதும் அழுத்திச் சேர்த்து நாடா ஒட்டுங்கள். விரலால் வருடிப் பாருங்கள்; இப்போது படி இருந்தால் கடைசிவரை படி இருக்கும்.

பிறகு ‘முரோ’. மூடிபோட்ட பெட்டியில் ஈரத்துணி விரித்து, 20 முதல் 30 டிகிரி வெப்பம், 70 முதல் 85 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது இரண்டு வாரம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பார்கள், முடி உலர்த்தியைக் காட்டுவார்கள். உருஷி உலர்வதில்லை, இறுகுகிறது. அதிலிருக்கும் லாக்கேஸ் என்ற நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுக்குகிறது. அந்த நொதி வேலைசெய்ய ஈரம் வேண்டும். வறண்ட சூட்டில் வைத்தால் மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும்.

வெளியே பிதுங்கியதைக் கத்தியால் சுரண்டுங்கள். சில்லு போன பள்ளத்துக்கு, முகி-உருஷியில் மரத்தூள் கலந்த ‘கொகுஸோ’வை ஒரு முறைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வையுங்கள், தடித்து வைத்தால் மேல் இறுகி உள்ளே பச்சையாக நிற்கும். மெல்லிய குழிகளுக்கு ‘சாபி-உருஷி’: நுண்ணிய களிமண் தூளை முதலில் தண்ணீரில் குழைத்து, பிறகு உருஷி. தண்ணீர் கூடினால் நொறுங்கும், உருஷி கூடினால் சுருங்கும். இறுகியதும் நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து, கருப்பு உருஷிக் கோடு இழுத்து, இறுகவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி கோடு. இரண்டு மூன்று முறை. தடித்துப் பூசினால் பாலாடைபோல் சுருக்கம் விழும்.

கடைசியில் சிவப்பு உருஷியை எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாகப் பூசி, அரைமணியிலிருந்து ஒரு மணிவரை முரோவில் வைத்துப் பதம் பாருங்கள். வாயால் ஊதினால் கோட்டின் மேல் நீலம் பாரித்த வெண்படலம் ஒரு கணம் படிந்து மறையும். அதுதான் நேரம். பட்டுப்பஞ்சில் தங்கத்தூளை எடுத்து மெல்லத் தட்டுங்கள். முந்தினால் தங்கம் மூழ்கிக் கருத்துவிடும், பிந்தினால் ஒட்டாது. அடியில் சிவப்பு இருப்பதால் தங்கம் சூடான நிறத்தில் தெரியும். தகட்டிலிருந்து எடுத்த நுண்தூள் என்றால் மெருகிட வேண்டாம். உருண்டைத்தூள் என்றால் மேலே உருஷி துடைத்து இறுக்கி, அகேட் கல்லால் தேய்க்க வேண்டும்.

ஒரு குவளைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். முடிந்த பின்னும் ஒரு மாதம் பொறுத்துப் பயன்படுத்துங்கள். மைக்ரோவேவ் கூடாது, ஊறவும் வைக்கக் கூடாது.

ஷோகுன் (படை ஆட்சியாளர்) அஷிகாகா யொஷிமாஸாவின் கிண்ணத்திலிருந்து கின்ட்சுகி பிறந்தது என்ற கதையைப் பலரும் அனுப்பியிருக்கிறார்கள். அவருடையதாகச் சொல்லப்படும் ‘பகோஹான்’ கிண்ணம் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரிசல் விட்டதும் வேறொன்று கேட்டுச் சீனாவுக்கு அனுப்பியபோது, இதற்கு ஈடான கிண்ணம் இனிக் கிடைக்காது என்று இரும்புக் கவ்விகள் அடித்துத் திருப்பி அனுப்பினார்களாம். கவ்விகள் வெட்டுக்கிளிபோல் இருப்பதால் அந்தப் பெயர். கவ்வி இன்னும் கிண்ணத்திலேயே இருக்கிறது. யாரும் அதைப் பிடுங்கிவிட்டுத் தங்கம் பூசவில்லை.

கேள்வி: பழமையைப் போற்றுபவர்கள் இஸெ ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை இடித்துக் கட்டுவது முரண்பாடு இல்லையா?

இடித்துக் கட்டுவதில்லை, பக்கத்து மனையில் கட்டிவிட்டுப் பிரிக்கிறார்கள். இரண்டு மனையும் ஒட்டியே கிடக்கும். முதல் முறை 690இல், 62ஆவது 2013இல், அடுத்தது 2033. உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 ஆண்டுக்கு மேல் நின்றுபோயிருந்தது, ஆகவே ‘இடையறாமல்’ என்பது மிகை.

கட்டடமே நீடிக்காத விதத்தில்தான் இருக்கிறது. அடிக்கல் இல்லாமல் தூண்களை நேரே மண்ணில் நட்டிருக்கிறார்கள், கூரை புல்வேய்ந்தது. தூண் அடியில் அழுகும். கல்லின்மேல் தூண் நிறுத்தும் முறை தெரியாமல் இல்லை. பழைய முறையை மாற்றவில்லை. 20 ஆண்டு என்பது ஒரு தச்சர் இளைஞனாக ஒருமுறையும் தலைமைத் தச்சராக இன்னொரு முறையும் கட்டக்கூடிய இடைவெளி. கட்டடத்தோடு 714 வகை, 1,576 திருப்பொருள்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன. வாள், நெசவு, அரக்குவேலை எல்லாம் இதில் அடக்கம். மரத்துக்காக 1923இல் போட்ட காட்டுத் திட்டம் 200 ஆண்டுக்கானது.

பிரித்த மரம் வீணாவதில்லை. கருவறையின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் ஊஜி பாலத்தின் இருமுனைத் தோரணமாகி 20 ஆண்டு நிற்கும். பிறகு குவானா, செகி என்ற பழைய வழித்துறைகளில் தோரணமாக இன்னும் 20 ஆண்டு.

கேள்வி: ஹைக்கூ என்றால் மூன்று வரி போதுமா?

போதாது. ஐந்து-ஏழு-ஐந்து என்பது அசைக் கணக்கும் அல்ல, நம் மாத்திரைக்குப் பக்கத்தில் வரும் கணக்கு. நெடிலுக்கு இரண்டு, தோக்கியோ அவர்கள் உச்சரிப்பில் நான்கு. மெய்க்கு நாம் அரை போடுவோம், அவர்கள் தனி மெய்க்கு முழுசாக ஒன்று போடுவார்கள். தமிழில் எழுதுபவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு மற்ற இரண்டைப் பிடியுங்கள்: பருவச்சொல் ஒன்று, வெட்டு ஒன்று. திணைப் பாடலில் கருப்பொருள் செய்யும் வேலையைப் பருவச்சொல் செய்கிறது. தவளை என்றாலே வசந்தம். வெட்டு பாட்டை இரண்டாகப் பிரித்து நடுவே இடைவெளி விடும்.

பாஷோ 1686இல் எழுதிய குளத்துப் பாட்டில் (பழைய குளம், தவளை குதிக்கிறது, நீரின் ஓசை) தவளை கத்தவில்லை, குதிக்கிறது. அதுவரை மரபில் தவளை பாடத்தான் வேண்டும், மஞ்சள் யாமபுகிப் பூ பக்கத்தில் இருக்க வேண்டும். முதலடிக்கு யாமபுகியை வைக்கலாமே என்று சீடர் கிகாகு சொன்னதாகவும், பாஷோ பழைய குளம் என்றே வைத்துக்கொண்டதாகவும் குறிப்பு உண்டு. வாசகர்களிடமிருந்து வந்த ஹைக்கூக்களில் பெரும்பாலானவை மூன்றாம் வரியில் பதிலடி கொடுக்கின்றன. அந்த வரியை அடித்துவிட்டுப் பாருங்கள். பல சமயம் மற்ற இரண்டு வரியே நன்றாக இருக்கிறது.

கேள்வி: கியோத்தோவின் ரியோஆன்ஜி கோயில் தோட்டத்தில் 15 கல், ஆனால் 14தான் தெரியும் என்கிறார்கள். ஏன் இந்த விளையாட்டு?

ஏன் என்பதற்கு அமைத்தவர்கள் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. எப்படி என்பதைச் சொல்லலாம். சுமார் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் வெண்சரளை. கற்கள் ஐந்து, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என ஐந்து கூட்டமாக நிற்கின்றன. தாழ்ந்த திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது கண்மட்டம் தாழ்ந்துவிடுவதால், சிறு கற்கள் பெருங்கற்களுக்குப் பின்னால் மறையும். ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்ல நகர்ந்து பாருங்கள்: ஒன்று வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும். கூட்டத்தில் நகர இடம் கிடைக்க, காலையில் கதவு திறந்ததும் போய்விடுவது நல்லது.